ஸ்பாப்ட் நூலகம்: இ-சேவை மையத்துக்கு இடம் குறிக்க நம்பலாமா?

ஒரு வட்டத்தில் புதிதாக 5 இ-சேவை மையம், எந்தெந்த ஊரில் திறப்பது? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை தரும் பைத்தான் நூலகம் (நிரல் தொகுப்பு) ஸ்பாப்ட் (spopt). புவியியல் தரவை ஆராயும் பைசால் (PySAL) நூலகக் குடும்பத்தைச் சேர்ந்தது, இலவசம். கணக்கைச் சமன்பாடுகளாக எழுதித்தரும் பல்ப் (PuLP) நூலகம் வழியாக, சிபிசி (CBC) என்ற தீர்வு மென்பொருள் கணக்கைத் தீர்க்கிறது. தீர்க்கும் வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. விடை கெடுவதெல்லாம் நாம் கொடுக்கும் தூர அட்டவணையில்தான்.

அட்டவணையை அதுவே போட்டுக்கொள்ளும் வசதி உண்டு. அதைத் தொடவேண்டாம். நேர்கோட்டில்தான் அளக்கும், வரைபடம் அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தால் தூரம் டிகிரியில் வந்து நிற்கும். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏற 70 கொண்டை ஊசி வளைவு. நேர்கோட்டுக்கு அதெல்லாம் தெரியாது. சாலைவழி கணக்கிடும் ஓஎஸ்ஆர்எம் (OSRM) மென்பொருளை நிறுவிச் சாலைவழிப் பயண நேரத்தை எடுங்கள். ஒரு கேள்விக்கு 100 புள்ளி என்ற வரம்பைச் சொந்தக் கணினியில் உயர்த்திக்கொள்ளலாம். நேரம் நொடியில் வரும், நிமிடமாக்க 60-ஆல் வகுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும் பேருந்தை அது அறியாது. கார் வேகத்தில்தான் கணக்கிடும்.

அட்டவணையில் ஊர்கள் வரிசையில், மைய இடங்கள் நெடுவரிசையில். இரண்டும் ஒரே எண்ணிக்கை என்றால், மாற்றிப் போட்டாலும் பிழைச்செய்தி வராது. தவறான விடை சத்தமில்லாமல் வந்துவிடும்.

ஸ்பாப்ட் தரும் கணித மாதிரிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? பி-மீடியன் மொத்தப் பயணத்தைக் குறைக்கும், ஆனால் சின்ன ஊரைக் கைவிடும். 2,000 பேர் உள்ள ஊர், 12 கி.மீ. தள்ளி 300 பேர் உள்ள குக்கிராமம் என்று வையுங்கள். மையம் பெரிய ஊரில் என்றால் மொத்தம் 3,600 ஆள்-கி.மீ.; நடுவில் வைத்தால் 13,800. பி-மீடியன் நடுவுக்கு வரவே வராது. பி-சென்டர் வரும், ஏனென்றால் அதன் கவலை மிகத் தொலைவில் இருப்பவர் மட்டுமே. எம்சிஎல்பி (MCLP) என்ற மாதிரி, வரம்புக்குள் முடிந்தவரை அதிக மக்களை அடக்கப் பார்க்கும்; அதில் 30 நிமிட வரம்பு வைத்தால் 31 நிமிட ஊர் பூஜ்யம்தான். 25, 30, 35 என மூன்று முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

400 ஊருக்கு 400 இடம் என்றால் பி-மீடியனில் எந்த ஊர் எந்த மையத்துக்கு என்று குறிக்கும் ஒதுக்கீட்டு மாறிகள் மட்டும் 1,60,000. சிபிசி திணறினால், மிகச் சிறந்த விடைக்கு 1 சதவீத இடைவெளிக்குள் வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பு. அதற்கு மேல் துல்லியம் எதற்கு?

இயங்கும் மையங்களை முன்பே தேர்வானவை என்று குறிக்கலாம், ஆனால் எண்ணிக்கையில் அவையும் சேரும். 12 இருக்க 5 புதிது வேண்டுமென்றால், கொடுக்க வேண்டியது 17.