நாக்கில் புண், வைத்தியம் பல்லுக்கு

நான் இருக்கும் நாட்டில் வாய்ப்புண் என்று போனால் முதலில் ரத்தப் பரிசோதனைதான். இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் எல்லாம் பார்த்தார்கள். எதுவும் குறையவில்லை. ஆனாலும் வைட்டமின் மாத்திரையும் தடவ ஒரு ஜெல்லும் எழுதித் தந்தார்கள். பல் டாக்டர் வேண்டுமென்றால் அது தனி வரிசை. அந்த முறை வருவதற்குள் விடுமுறை வந்துவிட, நாக்கின் வலது ஓரத்துப் புண்ணோடு விமானம் ஏறினேன்.

ஊரில் அண்ணன் அழைத்துப் போன பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கினவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே வரிசை. உள்ளே போனால், வாயும் வலியும் என்னுடையது, டாக்டரின் கேள்வி மட்டும் அண்ணனிடம்: "இவருக்கு எவ்வளவு நாளா இருக்கு?" எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது.

நல்ல வேளை, போகவில்லை. அடுத்து என் பக்கம் திரும்பிக் கேட்டார். "இடம் மாறி மாறி வருதா, ஒரே இடத்துலதானா?" ஒரே இடம் என்றேன். சாதாரண வாய்ப்புண் இன்று உதட்டில், அடுத்த முறை கன்னத்தில் என்று அலையும். ஓரிடத்தை விட்டு நகராத புண்ணுக்குப் பக்கத்திலேயே குற்றவாளி இருக்கும் என்றார். இவ்வளவு எளிய கேள்வியை அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

காஸ் துணியால் நாக்கு நுனியைப் பிடித்து இழுத்தார். நடுவில் மஞ்சள் படலம், ஓரத்தில் வெள்ளை வரம்பு. அந்த ஓரத்தை விரலால் அழுத்திக் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்தார். தாடைக்கு அடியில் கட்டி ஏதும் உண்டா என்றும் தடவினார். அப்புறம் நாக்கை விட்டுவிட்டுப் பல்லுக்குப் போனார். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கைக்கண்ணாடியில் காட்டினார்: நாக்கைத் தளர்த்தினால் அந்தப் பல்லின் கூர்முனை நேராகப் புண்ணில் போய் உட்கார்கிறது. பேசும்போதும் விழுங்கும்போதும் அங்கேயேதான் உரசல்.

நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, பல் எங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொண்டார். முனையை மட்டும் லேசாக ராவி, ரப்பர் முனையால் வழவழப்பாக்கினார். பல்லின் மேல் ஓடான எனாமலில் நரம்பு இல்லை என்பதால் ஊசி போடவில்லை. தடவ டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு பசை. புண்ணை ஒற்றியெடுத்து உலர்த்தி, தேய்க்காமல் படுக்கும் முன் வைக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் கொப்பளிப்பது சில நாள் மட்டும். நீட்டினால் பல்லில் கறை ஏறும். "உரசல் போயும் 2 வாரத்துல ஆறலைன்னா சதை எடுத்துச் சோதிக்கணும். நாக்கு ஓரம் புற்றுநோய் வர்ற இடம், சும்மா விடக்கூடாது" என்று குரலை உயர்த்தியே சொன்னார்.

ராவியதால் பல் நேராகிவிடாது, அதற்குக் கிளிப் போட வேண்டும் என்றும் சொன்னார். அதற்கு மாதாமாதம் போக வேண்டும். விடுமுறைக்காரனுக்கு அது நடக்காது.

கெடுவுக்குள் புண் ஆறிவிட்டது. ஆனால் கையில் கொடுத்த சீட்டில் எந்தப் பல், என்ன செய்தார்கள் என்று ஒரு வரி இல்லை. அங்கே என்றால் எக்ஸ்ரேயோடு மின்னஞ்சலில் வந்திருக்கும். திரும்பப் போய், மறுபடி அதே வரிசையில் நின்று, "47, நாக்குப் பக்க முனை மழுக்கப்பட்டது" என்று எழுதி வாங்கினேன். 47 என்பது அந்தப் பல்லின் எண். கிளிப் போடப் போகும் இடத்தில் கேட்பார்களே.