கவுன்டாக்கா, எஸ்660-ஆ?

லம்போர்கினியின் கவுன்டாக் எல்பி400 கார் விற்பனைக்கு வந்தது 1974-இல். ஹோண்டா எஸ்660 2015-இல். இரண்டிலும் இருக்கை இரண்டுதான். எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். ஒற்றுமை அத்தோடு சரி.

கவுன்டாக்கில் 12 சிலிண்டர், 3,929 சிசி, 375 குதிரைத்திறன். எஸ்660-இல் 3 சிலிண்டர், 658 சிசி. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ இருந்தும் திறன் 64தான். காரணம், அது ‘கேய்’ ரகம். ஜப்பானின் ‘கேய்’ ரகச் சிறுகார்கள் 660 சிசி, 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பது சட்டம். 64 என்ற எல்லை நிறுவனங்கள் தாமாகவே வகுத்துக்கொண்டது.

அழகில் கவுன்டாக்குக்குப் போட்டியே இல்லை. மார்செல்லோ காண்டினி வடிவமைத்த அந்த ஆப்பு போன்ற உடலும், மேல்நோக்கித் திறக்கும் கதவுகளும் இன்றும் மலைக்க வைக்கின்றன. ஆனால் ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாடு. பின்பக்கம் சரியாகத் தெரியாது. கதவைத் தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, தலையைத் திருப்பிப் பார்த்தபடியே பின்னால் நகர்த்துவார்கள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, ஓட்டுபவருக்கு இடுப்புவலி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் ஆறு கார்புரேட்டர்களையும் ஒருசேர இயங்கவைக்கக் கைதேர்ந்த மெக்கானிக் வேறு வேண்டும்.

எஸ்660-இன் துணிக்கூரையைக் கையாலேயே சுருட்டி முன்மூடிக்கு அடியில் வைக்கலாம். வைத்தபின் ஒரு பையைத் திணிக்கக்கூட இடமிருக்காது! எடை சுமார் 830 கிலோ என்பதால் வளைவுகளில் சொன்னபடி திரும்பும்.

மலைச்சாலையில் ஓட்ட எனக்கு ஹோண்டா போதும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் உரிமம் சட்டைப்பையிலேயே இருக்கும்.