வீட்டுக்கு வந்து யூரின் டியூப் மாற்றுபவர்களிடம் கவனமாக இருங்கள்

ஊட்டி, தலைக்குந்தா பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு புராஸ்டேட் வீக்கம், ஆபரேஷன் வரைக்கும் யூரின் டியூப். ஒவ்வொரு முறையும் குளிரில் ஆஸ்பத்திரிக்கு அலைக்க வேண்டாமே என்று, வீட்டுக்கே வந்து மாற்றும் ஒருவரைக் கூப்பிட்டேன். "சிலிகான் டியூப்ணா, மூணு மாசத்துக்குத் தொடவே வேண்டாம்" என்று 1,800 ரூபாய் வாங்கினார். பில் தரவில்லை. டியூப் வந்த உறையையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனார். சுத்தமாக வேலை செய்கிறார் என்று நினைத்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு ராத்திரி அப்பா நடுங்க ஆரம்பித்தார். ஜனவரி மாதம், வெளியே புல்லெல்லாம் உறைபனி. குளிர்தான் என்று இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் படுத்துவிட்டேன். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அது குளிர்ஜுரம். அடிவயிறு கல் மாதிரி இருந்தது. சாயங்காலம் பார்த்ததற்கு மேல் யூரின் பையில் ஒரு சொட்டு ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் டியூபை எடுத்தபோது முனையில் சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி உப்பு படிந்து ஓட்டையே அடைத்திருந்தது. சிஸ்டர் தூக்கிக் காட்டினார். பழுப்பு மஞ்சள் நிறம். "இது மேல மட்டும் சிலிகான் பூசின லேட்டக்ஸ் ரப்பர் சார். இந்த ரகத்தை ஒரு மாசத்துக்குள்ள மாத்திடணும்." முழு சிலிகான் டியூப் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுமாம். அதைத்தான் 12 வாரம் வரை விடலாம். உப்பு சீக்கிரம் படிகிறவர்களுக்கு அதுவும் தாங்காது.

உறையைப் பிரிக்கும் முன்பே கையில் வாங்கிப் பாருங்கள். என்ன ரகம், காலாவதித் தேதி, டியூப் நழுவாமல் உள்ளே பிடித்து நிற்கும் பலூனுக்கு எத்தனை மில்லி தண்ணீர் எல்லாம் அதில் இருக்கும். ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சிறுநீர் வருவதைப் பார்த்த பிறகுதான் பலூனில் தண்ணீர் ஏற்ற வேண்டும், அதுவும் கிருமி நீக்கிய ஸ்டெரைல் வாட்டர். வழியிலேயே பலூனை ஊதினால் சிறுநீர்க் குழாய் கிழிந்து ரத்தம் வரும்.

அப்புறம், நம் ஊர்க் குளிருக்கு அப்பா பையையும் கம்பளிக்குள் இழுத்து வைத்துக்கொள்வார். அப்படி வைத்தால் சிறுநீர் திரும்பி உள்ளே ஏறும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. இதைக்கூட அந்த ஆள் சொல்லவில்லை.

அப்பா ஆறு நாள் ஊசி மருந்தோடு படுத்து எழுந்தார். அந்த ஆள் என் போனை எடுப்பதில்லை. ஆனால் இன்னமும் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வந்து போகிறார் என்று கேள்விப்பட்டேன்.