பல் போன பள்ளத்துக்கு எது பொருந்தும்?

தம்பியின் ஞானப்பல்லை ஒரு நீர்க்கட்டி தள்ளித் தள்ளி, கீழ்த்தாடையின் அடி விளிம்புவரை இறக்கிவிட்டிருந்தது. சேலம் ஐந்து ரோடு பக்கம் எடுத்த ஸ்கேனில் பல் தலைகீழாகக் கிடந்தது. ஒட்டினாற்போல் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு. எடுத்தே ஆக வேண்டும், கட்டியின் உறையை பயாப்சிக்கு அனுப்ப வேண்டும் என்பதில் நாங்கள் பார்த்த இரண்டு டாக்டர்களும் ஒரே பேச்சு. எடுத்தபின் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் வேறுபட்டார்கள்.

சொந்த எலும்புக்கு ஈடில்லை என்பார்கள். உயிருள்ள செல்களோடு போய்ச் சேருகிறது. ஆனால் இன்னொரு இடத்தில் கத்தி வைக்க வேண்டும். முகவாயில் எடுத்தால் கீழ் முன்பற்கள் மரத்துப்போகலாம், இடுப்பில் எடுத்தால் கொஞ்ச நாள் நொண்ட வேண்டும். தாடையே துண்டாக வெட்டப்பட்டவர்களுக்கு அது சரி. ஒரு பல் குழிக்கு அதிகம்.

அடுத்தது மாட்டெலும்புத் தூள். "மாட்டெலும்பையா வாய்க்குள்ள வெக்கப் போறாங்க?" என்று அம்மா எழுந்தே விட்டார். சூடாக்கி, வேதிமுறையில் சுத்தம் செய்து, வெறும் தாதுவாகத்தான் வருகிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு இருந்த தயக்கம் வேறு. அந்தத் தூள் வருடக்கணக்கில் கரையாது. பின்னால் இம்பிளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைப்பதற்காக எலும்பின் வடிவத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அது நல்ல குணம். ஞானப்பல் இடத்தில் யார் இம்பிளாண்ட் வைக்கிறார்கள்? செயற்கையான பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் தூள் மெல்லக் கரைந்து சொந்த எலும்புக்கு இடம்விடும். அம்மாவிடமும் வாதாட வேண்டாம்.

பி.ஆர்.எஃப். (பிளேட்லெட் செறிந்த ஃபைப்ரின்) என்பது நம் ரத்தமேதான். உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல் டியூபில் எடுத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுழற்றுகிறார்கள். சிவப்பு அடியில் தங்க, நடுவே வெந்த ஜவ்வரிசி போல ஒரு கொழகொழப்பு நிற்கும். சேலத்துக்காரனுக்கு வேறு உவமை வராது. ஈறு ஆற உதவும். அதுவே எலும்பையும் கட்டித்தரும் என்று நம்பிவிடக் கூடாது.

எதுவுமே வைக்காமல் விடுவதும் ஒரு வழிதான், அதை யாரும் விற்பதில்லை. சுற்றுச்சுவர் முழுசாக இருந்தால் உறைந்த ரத்தத்திலிருந்தே எலும்பு வளரும். பள்ளம் பெரிதென்றால் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். முன்னால் நிற்கும் கடைவாய்ப்பல்லின் பின்வேர் வெளியே தெரிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். தம்பிக்கு வேர் வெளியே தெரிந்தது. அதனால் அந்த வேரை ஒட்டிச் செயற்கைத் தூள் கொஞ்சம், மேலே பி.ஆர்.எஃப்., மற்ற இடம் அப்படியே.

எதை நிரப்பினாலும் முதல் வாரங்களில் தாடைக்குப் பலம் வந்துவிடாது. ஆறு வாரம் குழைந்த சோறுதான் என்றார் டாக்டர். வலி விட்டு, கடித்துப் பார்க்கலாமே என்று ஆசை வரும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் மெலிந்த தாடை ஒடிவது அதிகமாம். மூன்றாவது வாரம் தம்பி எனக்கென்று ஒரு தட்டுவடை செட் வாங்கி வந்து எதிரே உட்கார்ந்தான். நான் கடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரசஞ்சோற்றைப் பிசைந்தான்.