24 சேனல் சம்மட்டி சீஸ்மோகிராஃப்: போர் பாயிண்ட் பார்க்க ஆகுமா?

சம்மட்டியால் தரையில் அடித்து, அந்த அதிர்வலை நிலத்தடியில் ஓடி வரும் நேரத்தை 24 இடங்களில் பதியும் கருவி இது. இதன் விலை இறங்கிவிட்டதென்று கேள்விப்பட்டு, உசிலம்பட்டிப் பக்கம் போர் பாயிண்ட் (ஆழ்துளைக் கிணறு போட இடம்) பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "கடலுக்குள்ள இருக்குற மும்பை ஹை எண்ணெய் வயல்ல சுண்ணாம்புப் பாறைக்குள்ள எண்ணெயவே அதிர்வலை வச்சுப் பாக்குறாங்க. நம்ம ஊருப் பாறையில தண்ணி பாக்க இதை வாங்கலாமாண்ணே?"

முதலில் ட்ரிகர் வயர், அதாவது அடி விழுந்த கணத்தைக் கருவிக்குச் சொல்லும் வயர். சம்மட்டிப் பிடியில் டேப் சுற்றிக் கட்டும் அந்தச் சின்ன சுவிட்சுதான் இந்தக் கருவியின் சாபக்கேடு. அடிக்கு அடி அதிர்ந்து, சுவிட்சை விட்டு வயர் வெளியே வரும் இடத்தில் செம்பு இழை உள்ளுக்குள்ளேயே அறும். மேலுறை முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மொத்தமாக அறுந்தால் பதிவே வராது, உடனே பிடிபட்டுவிடும். பாதி அறுந்தால்தான் கேடு: ஓர் அடி சரியாகத் தொடங்கும், அடுத்தது இரண்டு மில்லிசெகண்ட் தள்ளித் தொடங்கும். பத்து அடிகளின் பதிவுகளைக் கூட்டும்போது முதல் அலை (முதலில் வந்து சேரும் அலை) மழுங்கிவிடும். நொடிக்கு 1500 மீட்டர் வேகத்தில் ஒரு மில்லிசெகண்ட் பிசகினால் ஒன்றரை மீட்டர் போச்சு. வயரில் ஒரு வளையம் தளர்வாக விட்டுக் கட்டுங்கள். ஒவ்வோர் அடியையும் தனியாகப் பார்த்த பிறகே கூட்டுங்கள். இத்தனை விலைக் கருவிக்கு இவ்வளவு அற்பமான சுவிட்சா என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சித்திரை வெயிலில் காய்ந்த செம்மண்ணில், அதிர்வை வாங்கும் ஜியோபோனின் ஆணி பிடிக்காது. ஒரு சாண் தோண்டி, நீர் ஊற்றி ஊன்றுங்கள். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். தென்னந்தோப்பில் காற்றடித்தால் வேர் வழியே இரைச்சல் வரும், விடியற்காலையே நல்லது.

இனி நான் எதிர்பார்க்காத இன்பம். ஜீப் சக்கரத்துக்கு அடியில் இரண்டு மீட்டர் மரக்கட்டையை அழுத்திவைத்து, அதன் இரு முனையிலும் மாறி மாறிப் பக்கவாட்டில் அடித்து, ஒரு பதிவிலிருந்து மற்றதைக் கழித்தால் குறுக்கலை (போகும் திசைக்குக் குறுக்கே மண்ணை ஆட்டும் அலை) துலக்கமாக நிற்கும். நீருக்கு விறைப்பு இல்லாததால் குறுக்கலை அதைப் பொருட்படுத்தாது. நெட்டலையின் (போகும் திசையிலேயே மண்ணை அமுக்கி விரிக்கும் அலை) வேகம் நொடிக்கு 500 மீட்டரிலிருந்து 1500-க்குத் தாவி, குறுக்கலையின் வேகம் அசையாமல் இருந்தால் அங்கே நீர்மட்டம். இரண்டும் ஏறினால் பாறை. பார்க்கப் பார்க்கச் சலிக்காது. ஆனால் இதற்குப் பக்கவாட்டு அதிர்வை வாங்கும் படுக்கை ஜியோபோன் தனியாக வேண்டும். திருமங்கலத்துக் கரிசலில் நீரூறிய களிமண்ணும் அதே 1500-ஐக் காட்டும். அதில் ஊற்று சுரக்காது.

சுக்கான் (மண்ணுக்குள் இறுகிய சுண்ணாம்புக் கல்) படிவத்தில் இன்னும் கவனம். கெட்டியான சுக்கானுக்குக் கீழே, அலை மெதுவாக ஓடும் உக்கிய பாறை இருந்தால் அது முதல் அலையில் பதிவாகாது. அடிப்பாறை உண்மையைவிட ஆழத்தில் இருப்பதாகக் கணக்கு வரும். நடுவே சில சேனல்களில் அலை மங்கி, அடுத்ததில் திடீரென்று தாவினால் சந்தேகப்படுங்கள்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். சுண்ணாம்புப் பாறையின் சட்டகமே அவ்வளவு விறைப்பு. துளைக்குள் எண்ணெய் இருந்தாலும் நீர் இருந்தாலும் அலைவேகம் கொஞ்சம்தான் மாறும். துளையின் வடிவம் அதைவிட அதிகம் மாற்றிவிடும். அதனால்தான் அங்கே கிணற்றுப் பதிவுகளும் பாறை மாதிரிகளும் இல்லாமல் யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. மேலூர்க் கருங்கல்லும் அதே விறைப்புதான். நொடிக்கு 5000 மீட்டர் வேகம், 50 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீட்டர். 400 அடியில் நீர் தரும் விரல்கடை வெடிப்பு அதில் எப்படித் தெரியும்? ஐந்து மீட்டர் இடைவெளியில் 115 மீட்டர் கேபிள் விரித்தாலும் எட்டும் ஆழம் 25, 30 மீட்டர்தான்.

கிணறு ஆழப்படுத்த, அஸ்திவாரம் பார்க்க இதற்கு நிகரில்லை. போர் பாயிண்டுக்கு வாங்காதே தம்பி. நிலத்தின் மின்தடையை அளக்கும் மீட்டரே போதும். விலை இன்னும் பாதியானாலும் இதேதான் சொல்வேன்.