சோழமண்டலம் ஓவியர் கிராமம்: படம் வாங்கப் போகிறவருக்கான மதிப்பீடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், மாமல்லபுரம் போகிற வழியில் அரை மணி நேரம் இறங்கிப் பார்க்கத் தக்க இடமாகவே பெரும்பாலும் அதை எழுதுகிறார்கள். மரநிழல், திறந்தவெளிச் சிற்பங்கள், நின்று படம் எடுத்துக்கொள்ள நல்ல மூலைகள் என்று அந்தக் குறிப்புகள் முடிந்துவிடுகின்றன. இந்த மதிப்பீடு வேறொருவருக்கானது. கடையில் சட்டம் போட்டு விற்கும் மலிவுப் படம் வேண்டாம், நம் காலத்துக் கலைஞர் ஒருவர் தம் கையால் செய்த ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், ஆனால் ஏலக்கூடங்களில் கூவப்படும் தொகைக்கு வழியில்லை என்று நினைக்கும் மாதச் சம்பளக்காரர் ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர் சென்னையில் முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. அங்கே எதை வாங்குவது என்பதில் மட்டும் பொது வழக்கத்திலிருந்து மாறுபடுகிறேன். பெரிய கேன்வாஸ்களைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, காகிதத்தில் வரைந்த கோட்டோவியத்தையோ கலைஞரே தகடு, மரம் போன்றவற்றில் வேலை செய்து அச்செடுத்த அச்சோவியத்தையோ தேடுங்கள் என்பேன்.

இந்தக் கிராமம் உருவான கதையே ஒரு விற்பனைக் கதைதான். சென்னைக் கலை, கைவினைப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சவுத்ரிக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், தம்மிடம் படித்து வெளியேறிய திறமைசாலிகள் வயிற்றுப்பாட்டுக்காக ஓவியத்தைக் கைவிட்டு வேறு வேலைகளில் கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலம் அது. கைவினைப் பொருள்களைச் செய்து விற்று அன்றாடச் செலவைச் சமாளிப்பது, மீதி நேரத்தில் எவருடைய விருப்பத்துக்கும் வளைந்துகொடுக்காமல் வரைவது என்று அவரும் மாணவர்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அவர்கள் செய்த, மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணிகள் நன்றாக விலைபோயின. அந்த வருமானத்தைக் கொண்டு அன்றைக்கு ஆளரவமற்ற கடலோர மணல்வெளியாகக் கிடந்த சுமார் 10 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1966-இல் இந்தக் கூட்டுக் குடியிருப்பைத் தொடங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பங்கேற்றார்கள். இன்று அதே சாலையில் ஒரு மனை என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்களுக்கு, துணி விற்ற காசில் பத்து ஏக்கர் என்பது நம்ப முடியாததாக இருக்கும்.

வாங்கும் எண்ணத்தோடு வருகிறவர் விற்பனைக்கு இருக்கும் படங்களை நோக்கி நேராகப் போகக் கூடாது. பணிக்கரையும் அவர் மாணவர்களையும் மையமாகக் கொண்டு வளர்ந்த நவீனக் கலைப் போக்கைத்தான் மெட்ராஸ் கலை இயக்கம் என்கிறார்கள்; வளாகத்துக்குள்ளேயே 2009 முதல் இயங்கிவரும் அந்த இயக்கத்தின் அருங்காட்சியகத்துக்கு முதலில் செல்ல வேண்டும். அங்கே தொங்குபவை விற்பனைக்கு இல்லை. கண்ணைப் பழக்கிக்கொள்வதற்கு இருப்பவை. பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கி, 1977-இல் மறையும்வரை விடாமல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைச் சேர்ந்த ஓர் ஓவியத்தின் முன் சற்று நேரம் நின்றாலே இந்த இயக்கத்தின் சுபாவம் பிடிபடத் தொடங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய சோதிடச் சுவடி ஒன்றை விரித்துவைத்தது போலத் தெரியும். நெருங்கினால் ஜாதகக் கட்டங்கள், கணக்கு அட்டவணைகள், மீன், பாம்பு, மலையாள எழுத்தின் சாயல் கொண்ட பொடி வரிகள் என்று பிரியும். அந்த வரிகளை வாசிக்க முயன்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் அவற்றில் பெரும்பகுதி எழுத்தாக நடிக்கும் கோடுகள். பொருளுக்காகத் தவித்த கண், சற்றைக்கெல்லாம் கோட்டின் ஓட்டத்தையே பின்தொடரத் தொடங்கிவிடும்.

மெட்ராஸ் இயக்கத்தின் உயிர்நாடி அந்தக் கோடுதான். பம்பாயின் முற்போக்குக் கலைஞர்கள் அடர்ந்த வண்ணத்தையும் தூரிகையின் வேகத்தையும் நம்பினார்கள் என்று சொன்னால், இங்கிருந்தவர்கள் கோலம், சுவடி, கோயில் சுவரோவியம், செப்புத்திருமேனி ஆகியவற்றின் வரைகோட்டிலிருந்து தங்கள் நவீனத்தைக் கட்டிக்கொண்டார்கள். 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோன கே. ராமானுஜம் இதற்கு மிகச் சிறந்த சாட்சி. பேனாவும் மையும் கொண்டு, மயிரிழை போன்ற கோடுகளை ஆயிரக்கணக்கில் நெருக்கி நெருக்கிப் போட்டு, மாடமாளிகைகளும் பறக்கும் விலங்குகளும் நிறைந்த ஓர் உலகத்தை அவர் எழுப்பினார். அதன் நடுவே தொப்பி அணிந்த ஒரு சிறு உருவமாகத் தம்மையும் நுழைத்துக்கொண்டார். அந்தப் படங்களில் நிழல் என்று ஒன்று தனியாகத் தீட்டப்படவில்லை. கோடுகள் நெருங்கும் இடம் இருட்டு, விலகும் இடம் வெளிச்சம், அவ்வளவுதான்.

சிற்பத்திலும் இதே கதைதான். பணிக்கரின் மகனும் இந்தக் கிராமத்தைப் பல ஆண்டுகள் தாங்கி நடத்தியவருமான எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பு, பித்தளைத் தகடுகளை வெட்டிப் பற்றவைத்துச் செய்த உருவங்களை முன்பக்கமிருந்து பார்க்க வேண்டும். சுற்றிவந்து பார்க்கும் சிற்பமாக அவர் அவற்றைக் கருதவில்லை. கோயிலில் மூலவரை எதிரே நின்று பார்க்கிறோமே, அந்த முகப்புப் பார்வையை அவர் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிகளையும் பற்றவைத்த இடத்தில் உருகி உறைந்த சிறு முத்துகளையும் கவனித்தால், உலோகத்தில் கோலம் போட்டிருக்கிறார் என்பது தெரியும். பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம்.

இவ்வளவும் பார்த்தபின் விற்பனைப் பக்கத்துக்கு வருவோம். வளாகத்தில் ‘லேபர்னம்’, ‘இண்டிகோ’ என்ற பெயர்களில் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. வெளியூர், உள்ளூர்க் கலைஞர்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கள் புதிய படைப்புகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள். ஆகவே சோழமண்டலத்தில் வாங்கியது என்பதாலேயே ஒரு படம் சோழமண்டலத்துப் படம் ஆகிவிடாது. ஒரு வாரம் கண்ணை எடுக்க முடியாத கண்காட்சி இருக்கும். இன்னொரு வாரம் பிள்ளையாரையும் புத்தரையும் மினுமினுப்பு வண்ணத்தில் தீட்டிய, எந்த ஓட்டல் வரவேற்பறைக்கும் பொருந்திவிடும் படங்கள் இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை; கலைஞர்கள் தாங்களே நடத்திக்கொள்ளும் இடத்துக்கு வருமானமும் வேண்டுமல்லவா? வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். அருங்காட்சியகத்தை முதலில் பார்க்கச் சொன்னதும் இதற்காகத்தான். ராமானுஜத்தின் கோட்டைப் பார்த்துவிட்டு உடனே அடுத்த கூடத்துக்குப் போனவருக்கு, சோம்பேறிக் கோடு எது, தயங்கும் கோடு எது, தெரிந்தே நிறுத்திய கோடு எது என்று தானாகவே புலப்படத் தொடங்கும்.

புதிய தலைமுறைச் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடும் பெயர்களில் ஒருவர் சி. டக்ளஸ். 1951-இல் கேரளத்தில் பிறந்து, சென்னையில் படித்து, ஜெர்மனியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவர். சுருக்கிக் கசக்கி விரித்த காகிதத்தில், சேறு, சாம்பல் நிறங்களில், அடித்து எழுதிய வரிகளோடு அவர் செய்யும் படங்களில் ‘குருட்டுக் கவிஞனும் வண்ணத்துப்பூச்சிகளும்’ என்னும் வரிசை பரவலாக அறியப்பட்டது. முதல் பார்வையில் அவை யாரையும் கவர்வதில்லை. ஈரக்கசிவு படிந்த பழைய சுவர் மாதிரி இருக்கின்றன என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகிறவர்களும் உண்டு. ஆனால் காகிதத்தின் சுருக்க மடிப்பும் கரிக்கோடும் சந்திக்கும் இடத்தை அருகில் போய்ப் பாருங்கள்: எது மடிப்பு, எது கோடு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட படத்தைக் கைபேசித் திரையில் பார்த்து வாங்குவது வீண். நேரில்தான் பார்க்க வேண்டும்.

காகிதப் படைப்புகளை நான் பரிந்துரைப்பதற்கு விலை ஒரு காரணம். ஒரே கலைஞரின் கேன்வாஸைவிட அவருடைய கோட்டோவியம் பெரும்பாலும் கணிசமாகக் குறைந்த விலைக்கே கிடைக்கும். தமிழ்நாட்டில் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: நம் வாசகர்கள் இந்தக் கோட்டை ஏற்கெனவே அறிந்தவர்கள். கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களும், அவரும் ஓவியர் டிராட்ஸ்கி மருதுவும் பத்திரிகைப் பக்கங்களிலும் நூல் அட்டைகளிலும் வரைந்தவையும் கண்காட்சிக்கே போகாத வீடுகளுக்குள் சென்று சேர்ந்தன. ஓவியம் புரியாது என்று சொல்லிக்கொள்ளும் தமிழ் வாசகர் பலர், தங்களை அறியாமலேயே நல்ல கோட்டை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறவர்கள்.

அச்சோவியம் வாங்குவதில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கலைஞரே உலோகத் தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ பட்டுத்திரையிலோ வேலை செய்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் அச்செடுத்து, ஒவ்வொன்றிலும் கையொப்பமிடுவதுதான் அசல் அச்சோவியம். கீழ் ஓரத்தில் பென்சிலால் 12/50 என்று இருந்தால், 50 படிகளில் அது 12-ஆவது என்று பொருள். தகட்டிலிருந்து எடுத்த அச்சானால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய தடம் விரலுக்குத் தட்டுப்படும். ஏற்கெனவே இருக்கும் ஓவியத்தை ஸ்கேன் செய்து, உயர்தரக் கணினி அச்சில் எடுத்து, ‘லிமிடெட் எடிஷன்’ என்று விற்பது வேறு சரக்கு. அதில் மோசடி ஒன்றுமில்லை, அதை அதுவென்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கும்வரை. நகரத்தில் ஒரு காட்சிக்கூடத்தில் என் நண்பர் ஒருவர் வாங்கிய ‘அச்சோவியம்’ அப்படிப்பட்ட கணினி நகல்; பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது சீரான பொடிப்புள்ளிகள் தெரிந்தன, படி எண் எங்கும் இல்லை, மொத்தம் எத்தனை அச்சடிக்கப்பட்டன என்ற கேள்விக்கு அங்கே பதிலும் இல்லை. பட்டுச்சேலையைத் திருப்பி உள்புறம் பார்க்காமல் வாங்காத நாம், படத்தின் பின்பக்கத்தைப் பார்க்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அச்சோவியத்தில் தனி ஆர்வம் உள்ளவர்கள், சென்னை கிரீம்ஸ் சாலையில் இருக்கும், தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் நடக்கும் கண்காட்சிகளையும் தவறவிடாமல் பார்ப்பது நல்லது. அங்கே அச்சுக்கலைக்கூடமே இருக்கிறது. தேவகோட்டையில் பிறந்து உலக அளவில் அறியப்பட்ட அச்சோவியர் ஆர்.எம். பழனியப்பன் நெடுங்காலம் பொறுப்பு வகித்த மையம் அது. அவருடைய அச்சுகளில் வானூர்தியின் பாதை போல, வரைபடத்தின் எல்லை போல ஓடும் கோடுகளைப் பார்த்தால், பணிக்கரின் கட்டங்களுக்கும் இவற்றுக்கும் உறவு இருப்பது தெரியும்.

விலையைப் பற்றி. சோழமண்டலத்தின் பெரிய அனுகூலம், பல நேரங்களில் கலைஞரையே நேரில் சந்தித்துப் பேச முடிவதுதான். எந்த ஆண்டு செய்தது, என்ன காகிதம், என்ன மை, இதே வரிசையில் வேறு என்ன இருக்கிறது என்று அவரிடமே கேட்டுவிடலாம். பட்டியல் விலையை ஒட்டியே பேசுங்கள். வாங்குவதற்கு முன்பே பாதி விலைக்குக் கேட்பது அங்கே அழகாக இருக்காது. பணம் கொடுக்கும்போது ரசீதோடு, தலைப்பு, ஆண்டு, அளவு, ஊடகம் (எந்த மை, எந்தக் காகிதம் போன்றவை), படி எண் ஆகியவை எழுதிய, கலைஞர் கையொப்பமிட்ட சான்றிதழையும் படத்தோடு அவர் நிற்கும் ஒரு நிழற்படத்தையும் வாங்கிக்கொள்வது நல்லது. பத்தாண்டுகள் கழித்து அந்தப் படத்தின் மதிப்பு உயர்ந்திருந்தால், அந்தத் தாள்தான் பேசும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். படத்தை வாங்கியதால் அதைக் காலண்டரிலோ அட்டையிலோ அச்சடிக்கும் உரிமை வந்துவிடாது. பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும். பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவின்படி, அசல் ஓவியமோ சிற்பமோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அந்தத் தொகையில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 விழுக்காடு வரை, அதைப் படைத்தவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது. முதலீடு முதலீடு என்று பேசிக்கொண்டு கலைப்பொருள் வாங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பிரிவு தெரியும் என்று யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. முதலீடாகவே நினைப்பவர்களுக்கு இந்த இடத்தை நான் பரிந்துரைக்கவும் மாட்டேன். தங்கம் போல மறுநாளே விற்றுக் காசாக்கும் பொருள் இல்லை இது, வாங்க ஆள் கிடைக்கவே ஆண்டுகள் ஆகலாம்.

குறை என்று சொல்வதானால், இந்த இயக்கத்தின் வரலாறு தமிழில் போதிய அளவு எழுதப்படாததைத்தான் சொல்ல வேண்டும், அது இந்தக் கிராமத்தின் பொறுப்பு மட்டுமன்று. கலை பற்றிய நூல்களும் கண்காட்சிக் கையேடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. ஈஞ்சம்பாக்கத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை, தன் ஊரில் நடந்த இவ்வளவு பெரிய காரியத்தைத் தன் மொழியில் படித்துத் தெரிந்துகொள்ள வழி குறைவு. தொடக்கக்காலக் கலைஞர்களில் பலர் மறைந்துவிட்டார்கள், விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன் போன்றோர் அறுபதுகளிலேயே பாரிஸுக்குப் போய்விட்டார்கள், எஸ்.ஜி. வாசுதேவ் பெங்களூருக்குப் பெயர்ந்தார். எனவே பழைய கலைஞர் குடியிருப்பின் பரபரப்பை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இடம் சற்று அடங்கிப்போனதாகத் தோன்றலாம். வாங்கப் போகிறவருக்கு அந்த நிதானம் வசதிதான், வார நாள் காலையில் போனால் இன்னும் வசதி.

வாங்கிய படத்தைச் சட்டமிடும் வேலையை அவசரத்தில் எந்தக் கடையிலும் கொடுத்துவிடாதீர்கள். சென்னையின் உப்புக்காற்றும் ஈரப்பதமும் காகிதத்துக்குப் பகை. அமிலமற்ற அட்டையை முன்னும் பின்னும் வைத்து, கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடச் சொல்ல வேண்டும். செல்லோ டேப்பையும் பசையையும் கிட்டவே சேர்க்கக் கூடாது. மேற்கு வெயில் விழும் சுவரும், மறுபுறம் குளியலறை இருக்கும் சுவரும் வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கி, பின்பக்கம் பூஞ்சைப் புள்ளி ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.