நியூயார்க்கில் ரயில் பார்க்க ஒரு நாள்: பூங்காவா, அருங்காட்சியகமா, ஓடும் வண்டியா?

நியூயார்க்கில் ஒரே ஒரு நாள், அதையும் ரயிலுக்கே கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. மன்ஹாட்டனின் மேற்குப் பக்கம், ரயில் நின்றுபோய்ப் பூங்காவாக மாறிய ஹை லைன். புரூக்ளினில், மூடப்பட்ட ஒரு சுரங்க நிலையத்துக்குள்ளேயே இருக்கும் போக்குவரத்து அருங்காட்சியகம். அப்புறம், 472 நிலையங்களோடு இரவு பகலாக ஓடும் சப்வே என்னும் சுரங்க ரயில். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஹை லைனுக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

ஹை லைனில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முன்கதை தெரியாமல் போனால் அது வெறும் தோட்டம். ஒரு காலத்தில் அந்தப் பகுதியில் சரக்கு ரயில்கள் தெருமட்டத்திலேயே, ஜனங்களுக்கு நடுவே ஓடின. வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் குதிரையில் கொடி பிடித்துப் போய்க் கூட்டத்தை விலக்குவான். அப்படியும் அடிபட்டுச் செத்தவர்கள் ஏராளம். பத்தாம் அவென்யூவுக்குச் 'சாவு அவென்யூ' என்றே பெயர் வந்துவிட்டது. அதனால்தான் 1934-இல் பாதையைத் தூணில் ஏற்றினார்கள். லாரிகள் சரக்கைப் பிடுங்கிக்கொள்ள, 1980-இல் கடைசி வண்டி போனது. 2009-இல் முதல் பகுதி பூங்காவாகத் திறந்தது. இப்போது சுமார் 2.3 கிலோமீட்டர் நடக்கலாம். செடிகளுக்கு நடுவே தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். இன்று செல்சி மார்க்கெட் என்று அழைக்கப்படும் பழைய பிஸ்கட் தொழிற்சாலைக் கட்டடத்தை ஊடுருவிக்கொண்டு பாதை போகும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தொழிற்சாலையின் மேல்மாடிக்கே வண்டி வந்து சரக்கை இறக்கியிருக்கிறது.

அருங்காட்சியகம் வேறு வகை. ரயிலைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் இடங்கள் எனக்கு ஒட்டுவதில்லை. இங்கே அப்படி இல்லை. 1936-இல் திறந்து, ஏற ஆளில்லாமல் 1946-இலேயே மூடிய கோர்ட் ஸ்ட்ரீட் நிலையம் இது. 1976-இல் தற்காலிகக் கண்காட்சி என்று தொடங்கி, அப்படியே நிலைத்துவிட்டது. சப்வேக்கு இறங்குவதுபோலவே தெருவிலிருந்து படியில் இறங்க வேண்டும். கீழ்த்தளத்தில், நடைமேடையின் இரு பக்கமும் பழைய பெட்டிகள் கதவைத் திறந்தபடி நிற்கும். மின்சாரம் பாயும் மூன்றாம் தண்டவாளமும் இங்கே உண்டு. விசேஷ நாட்களில் சில பெட்டிகள் இங்கிருந்தே கிளம்பி ஓடுகின்றன.

1930-களின் பெட்டி ஒன்றில் ஏறி உட்காருங்கள். பிரம்பு பின்னிய இருக்கை, மூடியில்லாத குண்டு பல்புகள், மேலே மின்விசிறி, அந்தக் கால விளம்பரங்கள். பிறகு எழுந்து பெட்டியின் அகலத்தைப் பாருங்கள். 1904-இல் ஓடத் தொடங்கிய தனியார் கம்பெனியின் பெட்டிகள் குறுகலானவை. பின்னால் நகராட்சி கட்டிய பாதைகளின் பெட்டிகள் ஓரடிக்கு மேல் கூடுதல் அகலம். 1940-இல் எல்லாம் ஒரே நிர்வாகத்துக்கு வந்தும் சுரங்கங்களை அகலப்படுத்த முடியுமா? எண் போட்ட வண்டிகள் இன்றும் குறுகல், எழுத்துப் போட்டவை அகலம். இதைத் தெரிந்துகொண்டு வெளியே வந்தால் அடுத்து ஏறும் வண்டியே வேறு மாதிரி தெரியும். அருங்காட்சியகம் எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துக்கொண்டு போங்கள்.

சரி, ஓடும் வண்டி. மூன்றில் என் முதலிடம் இதற்குத்தான். வண்டி நின்றதும் நடுப்பெட்டியில் இருக்கும் கார்டு ஜன்னல் வழியே, மேலே தொங்கும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகையைக் கைநீட்டிக் காட்டுவார். வண்டி முழுவதும் நடைமேடைக்குள் வந்துவிட்டது என்பதற்கான உறுதி அது. பிறகுதான் கதவு திறக்கும்.

இதைவிடப் பெரிய விருந்து 6-ஆம் எண் வண்டியில். தெற்கே அது முடியும் இடம் புரூக்ளின் பிரிட்ஜ் நிலையம். அங்கே இறங்காமல் உட்கார்ந்திருங்கள். அதற்கு அனுமதி உண்டு. வண்டி சக்கரம் கிறீச்சிட மெதுவாக வளைந்து, 1904-இல் திறந்து 1945-இல் மூடிய சிட்டி ஹால் நிலையத்தின் வழியே வடக்கே திரும்பும். வளைந்த, குட்டையான நடைமேடை. வண்டிகள் நீண்டதும் கதவுக்கும் மேடைக்கும் நடுவே இடைவெளி விழுந்தது, பக்கத்திலேயே பெரிய நிலையமும் இருந்தது, மூடிவிட்டார்கள். உள்விளக்கு கண்ணாடியில் அடிக்கும். இரண்டு கையையும் முகத்துக்கு அணைகட்டி ஜன்னலோடு ஒட்டிப் பாருங்கள். ஓடு பதித்த வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டிலிருந்து எழுந்து வரும். சில விநாடிகள்தான். நான் அடுத்தடுத்து இரண்டு சுற்றுப் போயிருக்கிறேன்.

ஆகவே காலையில் அருங்காட்சியகம், மதியம் 6-ஆம் வண்டி. அதே வண்டியில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் வரை வாருங்கள். 1902-இல் அங்கே போகும் பார்க் அவென்யூ சுரங்கத்தில் நீராவிப் புகை மறைத்து நடந்த மோதலில் 15 பேர் இறந்தார்கள். அதன் பின் மன்ஹாட்டனில் நீராவி எஞ்சினுக்குத் தடை வந்தது. மின்சார ரயில் வந்ததால்தான் இரண்டு அடுக்குத் தண்டவாளங்களைப் பூமிக்கடியில் போட்டு, 1913-இல் இந்த நிலையத்தைத் திறக்க முடிந்தது. அரை மணி நேரமாவது கொடுங்கள்.

அங்கிருந்து 7-ஆம் வண்டி, 2015-இல் திறந்த ஹட்சன் யார்ட்ஸ் முனைக்குக் கொண்டுபோய் விடும். மேலே வந்தால் ஹை லைனின் வடகோடி. அங்கே பழைய பாதை ஒரு பெரிய ரயில் யார்டைச் சுற்றி வளைந்து போகிறது. சாயங்கால நெரிசலுக்காக லாங் ஐலண்ட் பக்கம் போகும் புறநகர் வண்டிகள் ஒவ்வொன்றாக அங்கிருந்து பென் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் நேரம். காலடியில் புல் மூடிய தண்டவாளம், கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளிப் பெட்டிகள் மெல்ல நகரும். கால் வலித்தாலும் தெற்கே நடக்கத் தொடங்குவதற்கு முன் அதை நின்று பாருங்கள்.